குரல் நிற்கும் இடம்

1991இல் மண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதன் வாசல் காவலாளி கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார், சிரிக்க மாட்டார். பதிவேட்டில் யார் என்ன எழுதினாலும் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வார். கம்பெனி விதி என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் கேட்டேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார். வூட்ல பொண்ணயும் இப்டித்தான் தெனம் படிக்க வுடுவேன்."

"தப்பா படிச்சா?"

"தப்பு வர்ற எடத்துல கொரலு நிக்கும் சார். திரும்பப் படின்னுவேன். அப்பனுக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சிகினு கீது. கிளாஸ்ல அதான் ஃபர்ஸ்ட்டு."

அன்று நான் வந்தது உள்ளே வேலை செய்யும் நண்பனைப் பார்க்க. வந்த காரணம் என்ற கட்டத்தில் 'சரக்கு விஷயமாக' என்று எழுதி, படித்தேன்.

"திரும்பப் படி சார்" என்றார்.