பொன்னையா ஐயரை அழைத்துவரப் போனது

2025 நவம்பர் 8, சனிக்கிழமை, காலை 5.50. தாதர் நிலையத்தில் இறங்கினேன். மெல்லிய மூட்டம், காற்றில் புகை வாடை. சால்வை தேவைப்படும் அளவுக்குக் குளிர் இல்லை, இருந்தாலும் போர்த்திக்கொண்டேன். ரயில் ஒரு மணி இருபது நிமிடம் தாமதம். சாமான் நான்கு: பெட்டி இரண்டு, பை ஒன்று, குடை ஒன்று. நவம்பரில் குடை எதற்கு என்று எதிர் இருக்கைக்காரர் கேட்டிருந்தார். வானத்தை நம்ப முடியாது என்றேன்.

வந்த காரியம் ஒன்றுதான். என் கல்லூரித் தோழர் அருள்திரு முனைவர் மோசஸ் பொன்னையாவை என் ஊரான பாளையங்கோட்டைக்கு அழைத்துப்போக வேண்டும். இருவருக்கும் எழுபது வயது. சென்ற மாதத்தோடு அவருக்குக் குருப்பணி ஓய்வு. செவ்வாய்க்குள், சபை குடியிருக்கக் கொடுத்த குருமனையைக் காலி செய்தாக வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவருக்குத் தரைத்தள அறை பேசியிருந்தேன். திங்கட்கிழமை ரயிலில் எங்கள் இருவருக்கும் கீழ்ப் படுக்கை. அவரைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்டால் மறுப்பார்.

செம்பூரில் மருமகன் வீட்டுக்கு டாக்சி 235 ரூபாய். ஓட்டுநர் விக்ரோலித் தமிழர்.

"யாரப் பாக்க வந்திருக்கீங்க சார்?"

"பொன்னையா ஐயரை."

"மாட்டுங்கா ஐயரா, தாராவி ஐயரா?"

"தாராவி."

"அப்ப அங்கி போட்ட ஐயரு. தெரியும் சார்."

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவை ஐயர் என்றுதான் சொல்வார்கள்.

பொன்னையா தாராவியிலேயே பிறந்தவர். தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். பாளையங்கோட்டை விடுதியில் என் அறைத்தோழர். பிறகு இங்கிலாந்தில் இறையியல் படித்து முனைவரானார். அங்கேயே ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்றார். பதினோரு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அந்தப் பதவியை விட்டுவிட்டு மும்பைக்குத் திரும்பினார். வாரநாளில் இறையியல் கல்லூரி, ஞாயிறு தாராவிச் சபை. சேமிப்பெல்லாம் மாணவர்களின் கட்டணமாகப் போயிற்று.

அவருடைய பெரிய நூலை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். கடவுள் உலகத்துக்கு வீட்டுக்காரராக வரவில்லை, குடித்தனக்காரராக வந்தார். கூடாரம் போட்டுத் தங்குவதைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துக்கொண்டு 412 பக்கம் எழுதியிருக்கிறார். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறைதான் பிடிபட்டது. பிடிபட்டபின் ஒரு வாரம் வேறெதையும் படிக்க மனம் வரவில்லை.

மாலை 4 மணிக்குப் பொன்னையாவும் நானும் கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தோம். இரண்டு காபி 90 ரூபாய்.

"திங்கட்கிழமை வண்டி. உமக்குக் கீழ் பெர்த்" என்றேன்.

"என்னவே, கேக்காமலே டிக்கெட் போட்டுட்டீரு? நான் கோலி பாத்தாச்சு."

மும்பையில் ஒற்றை அறைக்குக் கோலி என்று பெயர். தாராவியில் காஜா பாயின் தோல்பைப் பட்டறைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. ஏறுவதற்கு இரும்பு ஏணி.

"அதையெல்லாம் இடிக்கப் போறதாப் பேசுதாங்க. மாடியில குடியிருக்கவனுக்கு மாத்து வீடு நிச்சயமில்லங்காங்க. எழுபது வயசுல எங்கவே போவீரு?"

"மாடியில இருக்க மத்தவன் எங்க போறானோ, அங்க."



ஞாயிறு காலை 9 மணி, தாராவி. அன்று அறுப்பின் பண்டிகை, முதல் விளைச்சலைக் கோயிலுக்குப் படைக்கும் நாள். தாராவியில் வயல் ஏது? அவரவர் தொழிலில் முதலில் வந்ததைப் படைக்கிறார்கள்: தோல் பர்ஸ், மண்பானை, முறுக்கு, தைத்து முடித்த பள்ளிச் சீருடை, உயிரோடு இரண்டு கோழி. ஆராதனைக்குப் பின் எல்லாம் முற்றத்தில் ஏலத்துக்கு வரும். பொன்னையா கடைசிச் சம்பள உறையைப் பிரிக்காமலே காணிக்கைத் தட்டில் வைத்தார். பிறகு ஆறு பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய நூலகம், 183 புத்தகங்கள். கோலியில் அவற்றுக்கு இடமில்லை.

ஏலம் கூறியவர் இட்லி வியாபாரி செல்லத்துரை. ஒரு தடித்த நூலைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"இது கிரேக்கம்! தெரிஞ்சவன் கேளு, தெரியாதவன் கூட்டிக் கேளு! நூறு ரூவா ஒரு தரம்!"

"ஏல, தலைக்கு வெச்சுப் படுக்கலாமா?" என்றார் முறுக்குச் சுடும் எஸ்தர்.

"படுத்துப் பாரு எக்கா, கனவெல்லாம் இங்கிலீஷ்ல வரும்!"

"அரே, எங்க வீட்டுக்காரரு கனவுலயாவது எனக்குப் புரியாமப் பேசட்டும். நூத்தம்பது!"

நானும் 150 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். எல்லாம் விற்க இரண்டு மணி நேரமாயிற்று. அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெரியவர் படைத்த பொருளை ஏலத்தில் எடுத்தால், பணத்தைக் கோயிலுக்குக் கட்டிவிட்டுப் பொருளை அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பது இவர்கள் மரியாதை. வரிசையில் வந்தார்கள். வணங்கி, ஆளுக்கொரு புத்தகத்தை அவர் முன்னால் வைத்தார்கள். குவியல் பழையபடி எழும்பிவிட்டது.

மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு மகிழ்ச்சி. புத்தகமும் ஆளும் சேர்ந்து அந்த அறையில் இருக்க முடியாது. என்னோடு வந்தே தீர வேண்டும்.

பொன்னையா நாற்காலியில் ஏறி நின்றார். "எல்லாத்தையும் தூக்கிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போங்க. எனக்கு வேணும்னா வீட்டுக்கு வந்து படிப்பேன்."

"வந்தா சாப்பிட்டுட்டுத்தான் போவணும் ஐயா" என்றார் எஸ்தர்.

"என்ன கொழம்புன்னு சொல்லு. அதப் பொறுத்து எம்புட்டு நேரம் படிக்கதுன்னு முடிவு பண்ணுதேன்."

சிரித்துக்கொண்டே தூக்கிப் போனார்கள்.

பிற்பகல் 3 மணிக்குப் பட்டறை வாசலில் காஜா பாய் சாவியை நீட்டினார். "வாடகை, டெபாசிட் ஒண்ணும் வேணாம் ஐயா. உங்ககிட்ட வாங்குனா எங்க வாப்பா கபுர்க் குழியில இருந்து எந்திச்சு வந்து அடிப்பாங்க."

பொன்னையா சாவியைத் தொடவில்லை. "காசு வாங்கலன்னா நான் விருந்தாளி, பாய். நான் குடித்தனக்காரனா வாரேன். பக்கத்து ரூம்காரன் டெபாசிட் எவ்வளவு?"

"இருபதாயிரம். முதல்ல வந்து இருங்க, பொறவு பாத்துக்கலாம்."

"அவனை அப்படி இருக்க விட்டீங்களா?"

 பொன்னையாவிடம் அவ்வளவு பணம் இல்லை. ஓய்வூதியம் ஜனவரியில்தான் தொடங்கும்.

"சரி, உம்ம டிக்கெட்டு வீணாகல" என்றார் என்னிடம். குரல் அடங்கிப்போயிருந்தது. நான் பேசாமல் நின்றால் போதும். நினைத்து வந்தது நடந்துவிடும்.

ஏணியைப் பிடித்து மேலே ஏறினேன். பதின்மூன்று படி; ஏழாவது ஆடியது. அறையில் ஒரு ஜன்னல். கீழிருந்து பசை நெடி வந்தது. சந்துக்கு எதிர்ப்புறம், கைக்கெட்டும் தூரத்தில், எஸ்தரின் வீட்டுக்காரர் அடுக்குப்பலகையில் பருப்பு டப்பாக்களை நகர்த்திவிட்டு அந்தக் கிரேக்கப் புத்தகத்துக்கு இடம் செய்துகொண்டிருந்தார்.

"ஐயா வந்துட்டாரா?" என்று என்னைக் கேட்டார்.

"வருகிறார்" என்றேன்.

இறங்கிவந்து கைப்பேசியை எடுத்தேன். "யுபிஐ நம்பர் சொல்லுங்க பாய். ரசீது வேணும். ஏணியில ஆடுற அந்த ஏழாவது படியை இன்னைக்கே வெல்டிங் வைக்கணும்."

"வே, இது கடன்" என்றார் பொன்னையா.

"கடன் இல்லாம பின்னே, தானமா?"

திங்கள் மாலை ரயில் ஏறினேன். அவருடைய கீழ்ப் படுக்கையில் ஷோலாப்பூர் போகும் துணி வியாபாரி ஒருவர் படுத்திருந்தார். எங்கள் தெருவில் எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கு ஆள் வந்து மூன்று வருடமாகிறது. பெயர் இன்னும் கேட்கவில்லை.

செலவு: போகவர என் கட்டணம் 3,930, அவர் டிக்கெட்டை ரத்து செய்ததில் பிடித்தம் 515, டாக்சியும் சாப்பாடும் 1,065, புத்தகம் 150, டெபாசிட் 20,000. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். ஆக மொத்தம் ரூபாய் 25,660.