எல்வீரா பூசிய சிவப்பு

லாஸ் ஏஞ்சலஸ் வந்த புதிதில் எல்வீராவுக்கு ஊரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவன் கணவன் நெஃப்தலி. தெருவோரக் கல்லில் மஞ்சள் பெயின்ட் இருந்தால் வண்டி நிறுத்திச் சரக்கு இறக்க, வெள்ளை இருந்தால் ஆள் இறக்க, பச்சை இருந்தால் கொஞ்ச நேரம், நீலம் ஊனமுற்றோருக்கு.

"சிவப்புன்னா போப்பாண்டவரே வந்தாலும் நிறுத்தக் கூடாதுடி. மத்ததுக்காவது சாக்கு சொல்லலாம்" என்பான்.

குன்றின் மேல் வீடு வைத்திருந்த ஹாலோவே அம்மாளிடம் அவளுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலை. மலை பார்க்க வருகிற கண்ட கண்டவர்களும் வாசலில் காரை நிறுத்துவது அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எல்வீராவின் கையில் திணித்தாள்.

"ஓரக்கல் பூரா பூசிடு. அப்புறம் ஒருத்தனும் நிறுத்த மாட்டான். நீ மட்டும் நிறுத்திக்கோ."

"கவர்மென்ட்டுல கேட்டா, மேடம்?"

"நான் கூப்பிட்டாத்தானே அவங்க மேல வருவாங்க!"

எல்வீரா முட்டி போட்டுப் பூசினாள். ஊரே இடம் தேடி அலையும்போது தனக்கென்று ஓர் இடம் கிடைத்ததில் அவளுக்குப் பெருமைதான். அந்தப் பழைய கார் இருந்ததால்தான் ஒரே நாளில் மூன்று வீடுகளுக்கு ஓட முடிந்தது. கார் இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

ஒரு காலையில் எவனோ வேனைக் கொண்டுவந்து அந்தச் சிவப்பில் நிறுத்தினான். அம்மாள் கொதித்துப் போய் நகராட்சிக்கு போன் போட்டாள். அவர்கள் வருவதற்குள் வேன் கிளம்பிவிட்டது. காலியாக இருந்த இடத்தில் எல்வீரா வழக்கம்போல் காரை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். போன் செய்ததை அம்மாள் அவளிடம் சொல்லவில்லை, மறந்துவிட்டாளாம்.

சத்தம் கேட்டு எல்வீரா ஓடி வந்தபோது கண்ணாடியில் அபராத டிக்கெட் செருகியிருந்தது, இழுவை வண்டி காரின் மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"சார், விடுங்க சார்! இது நகராட்சி பூசினது இல்ல. நான்தான் பூசினேன்!"

டிக்கெட் போட்ட அதிகாரி சிரித்தார். "அப்ப அதுக்குத் தனியா ஒரு கேஸ் இருக்கும்மா. யாரு பூசச் சொன்னது?"

எல்வீரா திரும்பி வாசலைப் பார்த்தாள். அம்மாள் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. வீடு வாங்கும்போதே அது சிவப்பாத்தான் இருந்துச்சு."

கார் மலை இறங்கிப் போயிற்று. அதை மீட்கிற காசில் அதைவிட நல்ல காரே வாங்கிவிடலாம். எல்வீரா உள்ளே போய் மிச்சத் தரையையும் துடைத்தாள். வேறென்ன செய்வாள்!

சாயங்காலம் அம்மாள் குழைந்தாள். "உண்மையச் சொன்னா நான்ல மாட்டியிருப்பேன்? நீ பஸ்ல வா, கொஞ்சம்தான் ஏத்தம். ஆமா, அந்த மூலையில பெயின்ட் வெளிறிக் கிடக்கு, நாளைக்கு இன்னொரு தடவை பூசிடறியா?"

எல்வீரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்கும்போதே சிவப்பா இருந்துச்சுன்னீங்களே மேடம். வித்தவனையே கூப்பிட்டுப் பூசச் சொல்லுங்க."

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்" என்றாள் அம்மாள்.

எல்வீரா நடந்தே இறங்கினாள். வழியெல்லாம் பெரிய பெரிய வீடுகள், வாசலுக்கு வாசல் சிவப்பு. எது நகராட்சி பூசியது, எது தன்னைப் போல ஒருத்தி முட்டி போட்டுப் பூசியது என்று குனிந்து குனிந்து பார்த்தாள். கார் இல்லாதவளுக்கு அது தெரிந்துதான் என்ன ஆகப் போகிறது.