ரெஜினா கேட்ட குழம்புக் கேள்வி

ரெஜினா போய்விட்டார் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இனி அந்தக் கேள்வி யாருடையது என்ற நினைப்புதான் வந்தது. எங்களோடு வேலை செய்த உங்களிடமாவது இதை மறைக்கக் கூடாது.

குழந்தைகளின் வறுமையைப் பற்றி இருவரும் இருபத்தைந்து ஆண்டுகள் சேர்ந்து ஆய்வு செய்தோம். படிவம், அட்டவணை எல்லாம் நான். மூன்று முறை சரிபார்த்துத்தான் கொடுப்பேன். அவற்றை எடுத்துக்கொண்டு போய் அமைச்சர்களிடமும் வெளிநாட்டு மாநாடுகளிலும் அவர் பேசுவார். கைதட்டலும் அவருக்குத்தான். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒரு மே மாதம், தூத்துக்குடியில் மீனவர் குடியிருப்பு ஒன்றுக்குப் போனோம். மீன்பிடித் தடைக்காலம். பிள்ளைகள் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்பது என் படிவத்தின் நான்காவது கேள்வி. எல்லா வீட்டிலும் மூன்று வேளை என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன். கடைசி வீட்டில், சட்டென்று எழுந்து கிளம்பக் கூச்சப்பட்டு, "இன்னைக்கு என்ன குழம்பும்மா?" என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தேன்.

அந்தப் பெண் சிரித்தார். "குழம்பா? போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, பள்ளிக்கூடமும் பூட்டிட்டாவ. மத்தியானம் பிள்ளையளுக்குக் கடுங்காப்பியும் பன்னுந்தான் அண்ணாச்சி."

படிவத்தில் அதற்கு இடமில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். வெளியே வந்ததும் ரெஜினா சொன்னார்: "வீடு தேடி வந்த ஆள்ட்ட எந்தத் தாய் எம்பிள்ள பட்டினின்னு சொல்லுவா? வாங்க அண்ணாச்சி, மறுபடி மொத வீட்டுக்குப் போவோம். குழம்பக் கேப்போம்."

படகும் பள்ளி மதிய உணவும் ஒரே மாதத்தில் நின்றுபோவது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. "வயித்துக்கு லீவு விட முடியுமா?" என்று கேட்டுக் கேட்டே, விடுமுறையிலும் சாப்பாடு தொடர வேண்டும் என ரெஜினா வாதாடினார். இன்று பல நாடுகளில், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டின் பெயரைப் போட்டு அதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதை ரெஜினாவின் கேள்வி என்கிறார்கள்.

முதல் மாநாட்டுக்கு என்னையும்தான் அழைத்தார். "கேள்வி உங்களோடது. நீங்களே வந்து சொல்லுங்க." மேடை ஏறிப் பேச எனக்கு வராது. அதைக் கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேனா என்ற சந்தேகம் வேறு. என் பெயரே வேண்டாம் என்றேன். நான் சொன்னபடி செய்ததற்காகப் பிறகு அவர் மீதே பொருமினேன்.

அடக்கத்துக்கு அவர் ஊரான மணப்பாட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய தங்கை என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதான குழம்பு அண்ணாச்சி? வீட்டுக்கு யாரு வந்தாலும் அக்கா உங்க கதையத்தான் சொல்லுவா. கேட்டது அவுக, மேடையில சொன்னதுதான் நான்னுவா."

உடனே, இதிலும் முந்திவிட்டாரே என்று தோன்றியது. அவரைப் பற்றி நான் யாரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்: கேட்டவன் நான், பதிலைக் காதில் வாங்கியவர் ரெஜினா. மறுபடி முதல் வீட்டுக்கு நாங்கள் நடந்த அந்த வெயிலை என்னோடு வைத்துக்கொள்கிறேன். பொறாமையும் கூடவே இருக்கிறது.