தொங்குகள்ளிக்குத் தண்ணீர் வேண்டாம்

செடி விற்கிறவனிடம் செடி நன்றாக இருக்கிறது என்று சொல்ல யாரும் வருவதில்லை. செத்துப்போனால் மட்டும் சட்டியோடு வந்து நிற்பார்கள்.

கொல்லிமலையில் ரோட்டோரமாக நானும் என் மனைவி செல்வியும் சின்ன நர்சரி ஒன்று நடத்தினோம். மிளகு நாற்று, பலாக் கன்று என் பொறுப்பு. வீட்டுக்குள் தொங்கவிடும் கள்ளி அவள் பொறுப்பு. மட்டைகள் பட்டை பட்டையாக நீண்டு, சட்டியிலிருந்து கீழே வழிகிற கள்ளி. அதன் சொந்தக் காட்டில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு வளர்கிற சாதி. தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்டு, நேர் வெயில் படாத ஜன்னலில் மாட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சம் தண்ணீர் காட்டினால் போதும். அன்பு காட்டியே ஒரு செடியையாவது கொன்றிருக்கும் உங்களுக்கு, அந்தக் கொஞ்சம் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருக்கும்.

தலைகீழ்

பேளுக்குறிச்சியிலிருந்து ஒருவர் சுருங்கிப்போன செடியோடு வந்தார். எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். நிலைவாசலில், வேர் மேலே தெரிய, தலைகீழாகக் கட்டினாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள், குங்குமம், சாம்பிராணி வேறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் என்னை விவரம் கெட்டவன்போல் பார்த்தார்.

"ஏனுங்க, திருஷ்டிக்குக் கத்தாழையத் தலகீழாத்தானுங்க கட்டறோம்? அது சாகுதுங்களா?"

ஜன்னலோரக் கட்டில்

போன மழைக்காலத்தில் செல்வி படுத்துவிட்டாள். நாங்கள் விற்ற கள்ளியெல்லாம் ஒரே தாய்ச்செடியிலிருந்து அவள் கிள்ளி வைத்தவை. அந்தத் தாய்ச்செடி கட்டிலுக்கு மேலே ஜன்னலில் தொங்கியது. எழுந்து நடக்க முடியாதபோதும் கையை நீட்டி மட்டையைத் தொட்டுப் பார்ப்பாள். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை அவள் எப்படியோ தெரிந்துகொண்டிருந்தாள். அதிலிருந்து கிள்ளிப் புதுக் கன்று போடட்டுமா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. நான் போன பொறவு இதையாவது சாகாமப் பார்த்துக்குங்க. உங்க கையக் கட்டிப் போட்டாலே அது பொழச்சுக்கும்."

துக்கம் கேட்க வந்தவர்கள்

மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; அவள் போனபின் ஆலத்தூர் நாட்டுச் சொந்தமெல்லாம் வந்தது. வந்தவர்கள் கட்டிலைப் பார்த்து அழுதார்கள், நிமிர்ந்தால் செடி. அது தொங்குவதே அதன் சுபாவம். அவர்கள் கண்ணுக்கு வாடித் தெரிந்தது. ஒருவர் சொம்பில் ஊற்றினார், அடுத்தவர் தனக்குக் குடிக்கக் கொடுத்த டம்ளரில் மீதம் இருந்ததை ஊற்றினார். ஊற்றும்போது ஒவ்வொருவரும் அவளைப் பற்றி ஏதாவது சொன்னார்கள். தண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவளைப் பற்றிய பேச்சை நிறுத்தச் சொல்வதுபோல் ஆகிவிடுமே என்று வாய் வரவில்லை. அவளுடைய சின்னம்மா சட்டி நிரம்பி வழிகிற மட்டும் ஊற்றிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"பாரு சாமி, அவ போன ஏக்கத்துல இதுவும் தலையத் தொங்கப் போட்டுருச்சு."

அழுகல்

அடித்தண்டு குழைந்து நாற்றம் எடுத்தது. பச்சையாக இருந்த மட்டைகளை வெட்டிக் காயப்போட்டேன். காய்ந்த பிறகுதான் நடவேண்டும். மலையில் அப்போது விடாத மழை, வீட்டுக்குள்ளேயே பனிமூட்டம். எல்லாம் பூஞ்சை பிடித்துப் போனது. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் காப்பாற்றவில்லை என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அப்புறம்தான், விற்ற செடியில் ஒன்றாவது எங்கேயாவது பிழைத்திருக்காதா என்று தேட ஆரம்பித்தேன். குறை சொல்ல வராதவர்கள் வீட்டில் இருக்கும் என்று நம்பினேன். எங்களிடம் கள்ளி வாங்கிப்போன ஒரு அம்மாவைச் சந்தையில் பார்த்து விசாரித்தேன்.

"அது அப்பவே போயிருச்சுங்க. சொன்னா உங்க ஊட்டுக்காரம்மா சங்கடப்படுவாங்கன்னு சொல்லலீங்க."

வளப்பூர் நாட்டுச் சமையலறை

கடைசியில் வளப்பூர் நாட்டில் ஒரு வீட்டில் இருந்தது. சமையலறை ஜன்னலில், தரையைத் தொடுகிற அளவுக்கு. மரவள்ளிக்காட்டு வேலையில் தண்ணீர் ஊற்றவே நேரம் கிடைக்காதாம் அந்தம்மாவுக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடந்ததையெல்லாம் சொல்லி, ஒரே ஒரு மட்டை கேட்டேன். அந்தம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, செடிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கோச்சுக்காதீங்க. செல்வி அக்கா கையால குடுத்ததுங்க இது. உங்க ஊட்டுல செத்துப்போச்சுன்னு நீங்களே சொல்றீங்க, மறுபடி எப்படிங்க உங்ககிட்டக் குடுக்கறது?"

ஊருக்கெல்லாம் கள்ளி வளர்க்கச் சொல்லிக்கொடுத்த நான் இப்போது மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன். காபி கொடுக்கிறார்கள், தண்ணீர்ச் சொம்பை மட்டும் என் கைக்கு எட்டாமல் எடுத்து வைத்துவிடுகிறார்கள்.