கன்னியப்பன் கிணற்றுக்கு மேற்கு

ஆவடியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வந்தபோது எனக்குப் பத்து வயது. அக்கம்பக்கத்தார் எல்லாம் மதுரை, திருநெல்வேலி என்று சொந்த ஊரைப் பெருமையாகச் சொன்னார்கள். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பா, காட்டுப்பாக்கம் என்றார். பஸ் ஏறினால் போய்விடலாம். அதெல்லாம் ஓர் ஊரா? எனக்கு மானமே போயிற்று.

அப்பா அதோடு நிறுத்தவில்லை. "அங்க பெரிய கெணறு ஒண்ணு கீது மேடம், எங்க தாத்தா தோண்டினது" என்றார். அதை எழுத அந்த அம்மாவின் படிவத்தில் கட்டம் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று மாமா வந்திருந்தார். அம்மாவின் அண்ணன், பூந்தமல்லியில் வக்கீல் குமாஸ்தா. பத்திரத்தில் இல்லாதது பூமியிலேயே இல்லை என்று நம்புகிறவர். "கூலிக்குப் போனவங்களுக்கு ஏது மாப்ளே கெணறு? இன்னா ஆதாரம் கீது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை.

தன் தாத்தாவைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததே அவர் பெயரும் அந்தக் கிணறும்தான். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்தார். அந்தக் கிணற்றை ஒட்டிய நிலத்துக்காரர் எந்தக் காலத்திலோ எழுதி வைத்த உயிலில் கிணற்றைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று, அதற்கு நகல் கேட்டு மனுப் போட்டார். நானோ எங்களுக்கு ஒரு தோட்டமே வரப்போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். உயில் என்றால் சொத்து, சொத்து என்றால் மாமரம், ஊஞ்சல். அவ்வளவுதான் என் சட்ட அறிவு.

நகல் கைக்கு வந்ததும் அப்பா அதை மாமாவிடமே நீட்டினார். "நீங்களே படிங்க மச்சான்."

மாமா நீட்டி முழக்கிப் படித்தார். மூத்த மகனுக்கு இவ்வளவு, இளைய மகனுக்கு அவ்வளவு. எங்களுக்கு ஒன்றுமே வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. கடைசியில் நிலத்துக்கு நான்கு பக்கமும் எல்லை சொல்லும் இடம் வந்தது. "வண்டிப்பாதைக்குத் தெற்கு, ஏரிக்கால்வாய்க்கு வடக்கு, கன்னியப்பன் தோண்டிய கிணற்றுக்கு மேற்கு..."

மாமா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அந்த வரியை மறுபடியும் மெதுவாகப் படித்தார்.

"அதான் மச்சான் எங்க தாத்தா" என்றார் அப்பா.

"கரெக்டா எழுதிகீறாரு மாப்ளே" என்று மாமா எழுந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்பா ஜிலேபி வாங்கி வந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கொடுத்தார். அழுதுகொண்டே பின்னால் போன நான், "நமக்கு இன்னாதான்பா குடுத்தாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் குடுக்கல கண்ணு" என்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

ஒன்றும் கிடைக்காததற்கு யாராவது ஜிலேபி கொடுப்பார்களா என்று எனக்கு ஒரே கோபம். அத்தனை நிலத்தையும் ஆண்ட அந்த நிலத்துக்காரர், அது எங்கே முடிகிறது என்று பெற்ற பிள்ளைகளுக்குக் காட்ட எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.