மூச்சில்லாத பொடியன்

பிள்ளைகளின் காலைத் தொட்டுப் பார்த்தே யார் உதைபந்து விளையாடுவான், யார் விளையாடமாட்டான் என்று சொல்லிவிடலாம் என நம்பிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மட்டக்களப்புப் பட்டினத்து ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டு மாஸ்டர். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வருடத்துக்கொரு தடவை எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளை வாவிக்கரை மைதானத்துக்கு வரச்சொல்லி, மாடு வாங்க வந்தவர் போலக் கெண்டைக்காலை அமுக்கிப் பார்ப்பார். பிறகு ஓடவிடுவார். அவர் எடுக்கும் இரண்டு பேர் பள்ளிச் சம்பளம் கட்டாமல் படிக்கலாம். காத்தான்குடியில் தறி நெய்த என் வாப்பாவுக்கு, என்னை ஆங்கிலம் படிக்கவைக்க வேறு வழியே இருக்கவில்லை.

என் முறை வந்த வருடம் அந்தத் தேர்வு நோன்பு மாதத்தில் விழுந்தது. "சின்னப் புள்ளைக்குக் கடமையில்ல, இண்டைக்கு விடு மனே" என்றார் உம்மா. முதல்முதலாக நோன்பு பிடிக்கத் தொடங்கிப் பதினொரு நோன்பு முடித்திருந்தேன். விட மனம் வரவில்லை. உம்மா வைத்த சோற்றைக் கோழிக்குப் போட்டுவிட்டு வாப்பாவோடு பட்டினத்துக்கு நடந்தேன்.

என் காலை அமுக்கிய மாஸ்டர் தலையாட்டினார். முதல் மூன்று சுற்றும் நான்தான் முன்னால். பிறகு எல்லாரையும் நிறுத்தி வாளித் தண்ணீரைக் காட்டினார். நான் மட்டும் குடிக்கவில்லை.

"ஏன், உனக்குத் தனியா இளநி வெட்டோணுமோ?"

நோன்பைச் சொல்லிக்காட்டினால் நன்மை போய்விடும் என்று குர்ஆன் ஓதப்போன இடத்தில் கேட்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. மறுபடி ஓடவிட்டதும் கண் இருட்டி விழுந்தேன்.

வேலிக்கு வெளியே நின்ற வாப்பா ஓடிவந்து தூக்கினார். அவரிடம்தான் மெல்லச் சொன்னேன். அவர் மாஸ்டருக்கு முன்னால் போய்ச் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"சேர், புள்ள நோன்போட ஓடியிருக்கான். எனக்கே இப்பதான் தெரியும். பெருநாளைக்குப் பிறகு இன்னொருக்காப் பாருங்க."

"நோன்பெண்டா தண்ணி காட்டக்குள்ளயே சொல்லியிருப்பானே" என்றார் மாஸ்டர். "விழுந்த பிறகு சாட்டுச் சொல்றான். மூச்சில்லாத பொடியன், கூட்டிற்றுப் போங்க."

இரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். அந்த ஆளுக்குக் கால் தெரிந்திருக்கலாம். பிள்ளையைத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவருக்கு விருப்பமில்லை.

கல்லடிப் பாலம் தாண்டும்வரை வாப்பா எனக்கு முன்னால் நடந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உண்மையாவே நோன்புதானா மனே?"

"ஓம் வாப்பா."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படிப்புப் போனதைக்கூட மறந்திருப்பேன். என் வாப்பாவை அப்படிக் கேட்கவைத்த அந்த மனிதரை மட்டும் நான் மன்னிக்கவில்லை.