தீபத்துக்குக் காலி செய்த வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல ஒரு முட்டாள் செங்கம் ரோட்டில் இன்னொருவன் கிடையாது. எங்கெங்கோ இருப்பவர்கள் எல்லாம் செலவு கம்மி என்று மூட்டை கட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து தங்குகிறார்கள். திருவண்ணாமலையிலேயே பிறந்த நான், செலவு கம்மி என்று மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாமுக்குப் போனேன். அதோடு நின்றிருந்தால் வெறும் முட்டாள். அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரில் இருப்பவர்களுக்கு யோசனை வேறு சொன்னேன். அந்த யோசனையில்தான் என் அக்கா ஒன்பது வருஷம் குடியிருந்த வீடு போயிற்று.

என் வேலை அப்படி. சென்னையில் ஒரு கம்பெனியின் மென்பொருள் ஓடவில்லை என்று எங்கோ ஒரு வாடிக்கையாளர் கத்துவார். நான் மன்னிப்புக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது மன்னிப்பு. இதை எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கம்பெனி சொன்னதும், டா நாங் என்ற கடலோர ஊரில் ஐந்தாவது மாடியில் ஓர் அறை எடுத்தேன். எட்டிப் பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கொஞ்சூண்டு கடல் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போய்ப் புது விசாவில் திரும்பி வர வேண்டும். அந்த அலைச்சலையும் நான் பெருமையாகத்தான் நினைத்தேன்.

பெருமைக்குக் குறைச்சலே இல்லை. காபி குடித்தாலும் மலிவு, தலை முடி வெட்டினாலும் மலிவு. நடைபாதையில் குட்டி ஸ்டூல் போட்டுக் காபி விற்கும் அம்மாவிடம், விரலால் சைகை காட்டி, "ரொம்ப மலிவு, ரொம்ப மலிவு" என்று பல்லை இளிப்பேன். அந்த அம்மாவும் சிரிக்கும். காலை நான்கு மணிக்கு எழுந்து கடை போடுகிறவளிடம் போய், உன் உழைப்பு எனக்கு ஜுஜுபி என்று தினமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள் என்னை அடிக்காமல் விட்டதற்கு அவளுக்குத் தமிழ் தெரியாதது மட்டுமே காரணம்.

அறையில் ரைஸ் குக்கரில் ரசம் வைப்பேன். முதல் நாள் பெருங்காயம் போட்டதும் வீட்டுக்காரம்மா ஓடி வந்து, காஸ் கசிகிறது என்று ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். இந்தக் கதையை அக்காவுக்கு வீடியோ காலில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்குள் அவள் ஓனர் மாமா வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடி வீடு. கீழே அவர், மேலே அக்கா. மச்சான் லாரியில் மாதத்தில் பாதி நாள் வெளியூர். அக்கா ஜன்னலோரம் மிஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். ஆசிரமப் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குத் தொளதொள கால்சட்டையும் தைப்பாள். அந்த ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். அக்கா ஒன்பது வருஷத்தில் அதை நிமிர்ந்து பார்த்தாளா என்பது சந்தேகம். அவளுக்கு வேண்டியது வெளிச்சம், ஊசியில் நூல் கோர்க்க.

மாமா போனில் என் அறையைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ரூமு ஓட்டல் மாதிரி கீது?" என்றார்.

என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டால் நான் பத்துக்குப் பதில் சொல்வேன். போனைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டினேன். வெள்ளைச் சுவர், ஒரு மேஜை, ஒரு நல்ல நாற்காலி, மூலையில் ஒரு செடி. "இவ்வளவுதான் மாமா. இதுக்குத்தான் உலகமே ஓடி வருது. வைஃபை மட்டும் நிக்காம வரணும். உங்க வீட்டுக்கு மலை வேற தெரியுது. அதுக்கே மூணு மடங்கு கொடுப்பான்."

"மூணு மடங்கா!"

"ஆமா. மொட்டை மாடியில ஒரு ரூமு போடுங்க, நான் ஆள் அனுப்பறேன்."

"பாக்கலாம்பா" என்றார். மொட்டை மாடியா, வேறு எதுவா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் ஒரு விளம்பரமே எழுதி அனுப்பினேன். ஜன்னலைத் திறந்தால் புனித மலை, மேஜைமேல் மடிக்கணினி, மனதில் அமைதி என்று. என்ன கலர், என்ன செடி, மலைக்கு எவ்வளவு ஜாஸ்தி கேட்கலாம் என்று ஒரு பட்டியலும் கூடவே. எழுதிவிட்டு நானே இரண்டு தரம் படித்து ரசித்தேன்.

அதற்குப் பிறகு தீபம் வந்தது.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறினால், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் பத்து நாள் வீட்டை விட்டுக் கொடுப்பார்கள். வெளியூர் பக்தர்களுக்கு ஓனர்கள் அதை ரூமாக விடுவார்கள். அந்த மாதம் நமக்குப் பாதி வாடகை. கூட்டம் வடிந்ததும் திரும்பி வந்து, தரையைக் கழுவிவிட்டு, நம் பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொள்ள வேண்டியதுதான். யாரும் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை, கேட்டதும் இல்லை. அக்காவும் வருஷா வருஷம் ஒரு ரூமில் சாமானைப் போட்டுப் பூட்டிவிட்டு வேங்கிக்காலில் நாத்தனார் வீட்டுக்குப் போய்விடுவாள்.

இந்த வருஷம் மாமா, "சாமானையும் எடுத்துக்கோம்மா, அப்படியே பெயின்ட் அடிச்சுடறேன்" என்றிருக்கிறார். அக்காவுக்கு அது என்னவோ சரியாகப் படவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

"மிஷினைக்கூட எடுத்துனு போன்னு சொல்றாருடா. எதுக்கு?"

நான் கடற்கரையில் இளநீரில் உறிஞ்சுகுழலை விட்டுக்கொண்டிருந்தேன். "பெயின்ட் அடிச்சா உனக்குத்தானே நல்லது? எல்லாத்துக்கும் சந்தேகப்படாதக்கா."

அந்த இளநீர் என் தொண்டையிலேயே அடைத்திருக்கக் கூடாதா!

அவள் மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பத்து நாள் ஆயிற்று. "பெயின்ட் காயலம்மா" என்றார் மாமா. மழைக்காலம், காயாதுதான் என்று இவளும் நம்பினாள். இருபது நாள் ஆயிற்று, "பிளம்பர் வரலை" என்றார். ஒரு மாதம் கழித்து இவளே நேரில் போய்ப் பார்த்தாள். மேலே வேறு யாருடைய ஜட்டியோ கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அட்வான்ஸைப் பைசா குறையாமல் ஒரு கவரில் போட்டுத் தயாராக வைத்திருந்தாராம் மனுஷன். நேர்மையைப் பாருங்கள்.

விசா முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் அதற்குக் காத்திருக்கவில்லை. சென்னையில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து, பெட்டியோடு நேராக அந்தச் சந்துக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்டை உதைக்க வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். திறந்துதான் கிடந்தது. படி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது. ஒன்பது மாதம் கெட்டிப்பால் காபி குடித்த உடம்பு.

கதவைத் திறந்தவன் பெங்களூர்ப் பையன். முப்பது இருக்கும். காதில் ஹெட்போன். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, ஒரு நிமிடம் என்று சைகை காட்டினான். அவன் மீட்டிங்கில் இருந்தான்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நின்றேன். மீட்டிங் நடுவில் சத்தம் போடக் கூடாது என்ற மரியாதை எனக்கு எலும்புவரை ஊறியிருக்கிறது. அக்காவின் வீட்டைப் பிடித்துக்கொண்டவன் முன்னால், பெட்டியைக்கூடச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டுப் பதினோரு நிமிடம் நின்றேன். வெள்ளைச் சுவர். மூலையில் ஒரு செடி. ஜன்னலோரம் மேஜை. அதன் காலடியில் அக்காவின் மிஷின் நின்ற இடத்தில் தரை நான்கு இடத்தில் தேய்ந்திருந்தது. எல்லாம் நான் சொன்ன அளவில் அப்படியே இருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "சாரி ப்ரோ, கிளையன்ட் கால். உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?" என்றான்.

"இது எங்க அக்கா வீடு" என்றேன்.

"ஓ, ஓனர் உங்க அக்காவா? அங்கிள்னு நினைச்சேன்."

"ஓனர் இல்ல. குடியிருந்தவ."

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்த வீடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிப்போயிற்று. "ஐயோ, எனக்குத் தெரியாது ப்ரோ. ஆறு மாசத்துக்கு மொத்தமா கட்டிட்டேனே" என்றான். அப்புறம் சும்மா இருந்திருக்கலாம். "பெங்களூரைவிட இங்க செம மலிவா இருந்துது, அதான்" என்றான்.

கெட்டவனாக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். டீ போட்டுக் கொடுக்கிறவனின் சட்டையை எப்படிப் பிடிப்பது? அந்த டீயையும் குடித்துத் தொலைத்தேன். நன்றாக வேறு இருந்தது. அந்த ஆத்திரத்தோடு கீழே இறங்கினேன்.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வா தம்பி. எப்ப வந்த? இளைச்சுட்டியே."

"ஒன்பது வருஷம் மாமா. ஒரு மாசம் வாடகை நின்னிருக்குமா? ஒரு சத்தம் சண்டை உண்டா?"

"யாருப்பா இல்லன்னது? தங்கமான பொண்ணு."

"அப்ப ஏன் துரத்தினீங்க?"

"நானா துரத்துனேன்? தீபத்துக்குப் போனாங்க."

"தீபத்துக்குப் போனா திரும்பி வர்றதுதான வழக்கம்!"

"வழக்கம்தான். எங்கியாவது எழுதி வெச்சிருக்குதா?"

நான் கத்த ஆரம்பித்தேன். இவ்வளவு சத்தம் என் தொண்டையில் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பொய் சொல்லிப் பெயின்ட் அடித்தீர்களே, ஈரம் காயவில்லை என்று ஒரு பொம்பளையை ஒரு மாதம் ஏமாற்றினீர்களே, மலை உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா, ஜன்னலுக்கு ஜன்னல் வெட்டி விற்கிறீர்களே என்று கேட்டேன். சந்தே கூடிவிட்டது. கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னும் வேகம் வந்தது. "திங்கக்கிழமை கலெக்டராபீஸ்ல மனு கொடுக்கறேனா இல்லியா பாருங்க!"

மாமா எழுந்திருக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "தாராளமா குடு. நானும் வரேன். இன்னா செடி வெக்கணும், இன்னா கலர் அடிக்கணும், மலைக்கு ஜாஸ்தி எப்படி கேக்கணும்னு நீ அனுப்பனது எல்லாம் இதுல பத்திரமா இருக்குது. கலெக்டரும் படிக்கட்டும். நல்ல இங்கிலீஷ்."

யாரோ சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு என் ஜாக்கெட்டையும் எடுத்துனு போயிடுச்சு, எப்ப தருமாம்?" என்று கேட்டாள். பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தைத் தாண்டுவதற்குள் அதன் ஒரு சக்கரமும் கழன்றுவிட்டது.

வேங்கிக்காலுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். நாத்தனார் வீட்டில் சமையலறைக்கும் கக்கூசுக்கும் நடுவில் இருந்த வழியில் அக்கா மிஷின் போட்டிருந்தாள். பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் எரிந்தது. செங்கம் ரோட்டு வாடிக்கையாளர்கள் ஒரு ரவிக்கைக்காக அவ்வளவு தூரம் வருவார்களா? பாதிப் பேர் வரவில்லை. வெள்ளைக்காரர்கள் ஒருவரும் இல்லை. யாராவது கக்கூசுக்குப் போனால் அவள் ஸ்டூலோடு எழுந்து நகர வேண்டும். நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்தாள்.

முன்பின் தெரியாதவர்களிடம் ஒரு நாளைக்கு நாற்பது மன்னிப்புக் கேட்கிறவன் நான். அக்காவிடம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக, என் புத்தி எங்கே போகும், யோசனைதான் வந்தது. ஷேர் ஆட்டோவிலேயே தயார் செய்து வைத்திருந்த யோசனை.

"அக்கா, நான் ஒரு கணக்குப் போட்டுட்டேன். இனிமே வியட்நாம் கிடையாது. இங்கதான் வேலை. அந்தப் பையன் ஆறு மாசத்துல போயிடுவான். அவன் குடுக்கற வாடகையையே மாமாவுக்கு நான் தர்றேன், வீட்டை என் பேர்ல எடுத்துடறேன். நீயும் மச்சானும் பழையபடி வந்து இருங்க. சரியா?"

அக்கா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நிமிராதது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். உற்சாகம் தாங்கவில்லை.

"எனக்கு அந்த ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டா போதும். வீடியோ கால்ல மூஞ்சி தெரியணும், வெளிச்சம் வேணும் இல்ல? உன் மிஷினை உள்ள ஹால் பக்கம் தள்ளிக்கலாம். லைட்டு ஒண்ணு நல்லதா மாட்டித் தர்றேன். என்னக்கா சொல்ற?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ரவிக்கையை உதறி மடித்தாள்.

"நீயே போய் இரு" என்றாள்.